சாலைப் பராமரிப்பு நிதி: மோசமான சாலைக்கு முதலிடமா, நல்ல நிலையில் இருப்பதற்கா?

#1 நெடுவழி

ஒரு மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறையிடம் 1000 கி.மீ. இருவழித் தார்ச்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு ஒதுக்கீட்டில் 45 கி.மீ.க்கு ஓவர்லே (பழைய சாலை மேல் புதுத் தார் அடுக்கு) போடலாம், அவ்வளவுதான். புகார் அதிகம் வருகிற, குழி அதிகமுள்ள சாலை பட்டியலில் மேலே ஏறும், பணம் அதற்கே போகும். இருந்தும் அடுத்த ஆண்டுப் பட்டியல் இன்னும் நீளமாக வருகிறது.

இரண்டு கேள்விகள். எந்தச் சாலைக்கு எந்த வேலை என்பதை என்ன கணக்கு வைத்து முடிவு செய்வது? இடையில் அடைக்கிற குழிகள் முதல் மழையிலேயே பெயர்வது ஏன்? "தரம் சரியில்லை" என்று ஒற்றை வரியில் முடிக்காமல் எங்கே, எவ்வளவு, ஏன் என்று எழுதினால் உதவும்.

#2 கிலோமீட்டர்

முதல் கேள்விக்கு ஒரு பக்கக் கணக்கு போதும். 1000 கி.மீ. சாலை ஓர் ஆண்டு கடந்தால் ஒவ்வொரு கி.மீ.யும் தன் ஆயுளில் ஓர் ஆண்டை இழக்கிறது. ஆக, ஆண்டுக்கு 1000 'கி.மீ.-ஆண்டு' செலவாகிறது. செய்கிற வேலைகள் எல்லாம் சேர்ந்து அதே அளவைத் திருப்பித் தந்தால் வலையமைப்பு இருந்த நிலையில் நிற்கும். குறைந்தால் சரியும். 45 கி.மீ. ஓவர்லே, ஒவ்வொன்றும் 10 ஆண்டு கூட்டினால் கிடைப்பது 450. ஆண்டுதோறும் 550 பற்றாக்குறை. பட்டியல் நீளாமல் என்ன செய்யும்?

இப்போது செலவு விகிதம். உங்கள் ஒப்பந்த விலைகளைத்தான் போட வேண்டும், இங்கே ஒரு உதாரணத்துக்காக: ஒரு கி.மீ.க்கு ஓவர்லே 5 அலகு, ஜல்லி தூவும் மேற்பூச்சு 1 அலகு, விரிசல் அடைப்பு 0.2 அலகு, முழு மறுகட்டமைப்பு 20 அலகு. மொத்தக் கையிருப்பு 225 அலகு (45 × 5). இதைப் பிரித்துப் பாருங்கள்:

மறுகட்டமைப்பு 3 கி.மீ. – 60 அலகு, 20 ஆண்டு வீதம் 60 கி.மீ.-ஆண்டு
ஓவர்லே 15 கி.மீ. – 75 அலகு, 10 ஆண்டு வீதம் 150
மேற்பூச்சு 80 கி.மீ. – 80 அலகு, 6 ஆண்டு வீதம் 480
விரிசல் அடைப்பு 50 கி.மீ. – 10 அலகு, 2 ஆண்டு வீதம் 100

அதே பணம், கிடைப்பது 790. பற்றாக்குறை 550-லிருந்து 210-க்கு இறங்குகிறது. மீதி 210-ஐ எந்தப் பட்டியல் வித்தையும் மூடாது, அதற்குக் கூடுதல் நிதி வேண்டும். அதைக் கேட்பதற்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

#3 தார்டிரம்

கணக்கு அழகா இருக்கு சார். ஆனா அந்த 80 கி.மீ. மேற்பூச்சு எங்க போடப்போறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. மேற்பூச்சுக்கு பலம் கிடையாது. தண்ணியை நிறுத்தும், வழுக்கலைக் குறைக்கும், அவ்வளவுதான். அடித்தளம் போன ரோட்டுல அதைப் போட்டா 6 வருஷம் இல்ல, ஒரு மழைக்காலம் தாண்டாது. சக்கரம் ஓடுற தடத்துல முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமா விரிசல் இருந்தா அது அடியிலிருந்து மேல வந்த களைப்பு விரிசல். அங்க சீலன்ட் (விரிசல் அடைக்கிற பசை) ஊத்துறதும் வீண், மேற்பூச்சும் வீண்.

தடத்துக்கு வெளியே, நீள வாட்டத்துலயோ குறுக்கு வாட்டத்துலயோ ஒத்தை விரிசல், அகலம் 3 மி.மீ.லேர்ந்து 20 மி.மீ.க்குள்ள: இதுதான் அடைக்க வேண்டிய விரிசல். சந்தேகம் இருந்தா விரிசல் மேலயே ஒரு கோர் (துளைச்சு எடுக்கிற உருளைத் துண்டு) எடுங்க. விரிசல் மேல் அடுக்கோட நிக்குதா, அடிவரைக்கும் போகுதான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். கோர் ரெண்டு தட்டா கழண்டு வந்தா அடுக்குகளுக்கு நடுவுல ஒட்டு இல்லைன்னு அர்த்தம். அதுக்கு மருந்து வேற.

#4 கிலோமீட்டர்

@தார்டிரம் ஒப்புக்கொள்கிறேன். 'ஆண்டு' என்ற நெடுவரிசையில் சரியான சாலையில் போட்டால் கிடைக்கும் நீட்டிப்பைத்தான் எழுத வேண்டும், தவறான சாலையில் போட்டால் அங்கே சுழியம். அதனால் தாளுக்கு முன்னால் மூன்று அளவீடு வேண்டும்: கண்ணால் பார்த்த சேதம், ஓட்டச் சமன், தாங்கு பலம்.

சேதத்துக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய 0–100 நிலைக் குறியீடு பரவலாகப் பயன்படுகிறது. ஓட்டச் சமனுக்கு ஐ.ஆர்.ஐ. எனும் பன்னாட்டுக் கரடுமுரடுக் குறியீடு; 1982-ல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனையிலிருந்து வந்தது. அமெரிக்கக் கூட்டரசு வரையறையில் ஏறத்தாழ 1.5 மீ./கி.மீ.க்குக் கீழே நல்லது, 2.7-க்கு மேலே மோசம். ஆனால் ஐ.ஆர்.ஐ. மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பலமிழந்த சாலை மேல் 25 மி.மீ. புது அடுக்கு போட்ட மறுநாள் ஐ.ஆர்.ஐ. அருமையாக இருக்கும். பலத்துக்கு, சுமையின் கீழ் சாலை எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்கும் விழு-எடை விலகல் மானி, இல்லையென்றால் பெங்கல்மேன் பீம். 1950-களின் தொடக்கத்தில் வந்த எளிய நெம்புகோல், இன்றைக்கும் வேலை செய்கிறது.

#5 நீர்வழி

நாலு பதிவு ஆகிவிட்டது, தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

வலையமைப்பில் மிக மலிவான வேலை பெர்மை (தார் ஓரத்தை ஒட்டிய மண் பட்டை) செதுக்குவதுதான். தார்ப்பரப்புக்கு 2.5% குறுக்குச் சரிவு என்றால் 3.5 மீ. ஓடுதடத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 87.5 மி.மீ. இறக்கம். பெர்முக்கு அதைவிட 1% கூடுதல் சரிவு வேண்டும். நடப்பது என்ன? புல் முளைக்கிறது, புல் மண்ணைப் பிடிக்கிறது, சில ஆண்டுகளில் பெர்ம் தார் ஓரத்தைவிட 5 செ.மீ. உயர்ந்து வரப்பாகிவிடுகிறது. தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் தார் ஓரத்திலேயே நின்று அடித்தளத்துக்குள் இறங்குகிறது. ஓர விரிசல், ஓரம் உடைதல், பிறகு குழி என்று வரிசையாக வரும். கிரேடரை வைத்துப் பெர்மை வழித்து, வழித்த மண்ணை வடிகாலுக்குள் தள்ளாமல் அகற்றினால் போதும். அந்த மண்ணை வடிகாலிலேயே தள்ளிவிட்டுப் போகும் வேலையும் நிறைய நடக்கிறது.

பக்க வடிகாலின் தரை, சாலை அடித்தளத்தின் அடிமட்டத்தைவிடக் குறைந்தது 30 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அது வடிகால் அல்ல, சாலைக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால்.

சிறுபாலங்களில் நுழைவாயை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வெளிவாயில் அரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சாலைப் பரப்பில் சிறுபாலத்துக்கு நேர் மேலே சின்னத் தாழ்வு தெரிந்தால் குழாய் இணைப்பு வழியாக மண் கசிந்து போகிறது என்று பொருள். மேலே தார் ஊற்றிச் சமன் செய்தால் ஒருநாள் சாலையே உள்ளே இறங்கும்.

#6 நெடுவழி

மிகவும் நன்றி. குழி விஷயத்துக்கு வருவோமா? தார்டிரம் அண்ணா, அளவோடு சொல்லுங்கள்.

#7 தார்டிரம்

80 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம்னு ஒரு குழியை எடுத்துக்கலாம்.

கண்ணுக்குத் தெரியற குழி மட்டும் குழி இல்ல. சுத்தி 10–15 செ.மீ. வரைக்கும் தார் தளர்ந்துதான் இருக்கும். அதனால நாலு பக்கமும் 15 செ.மீ. தள்ளி செவ்வகமா கோடு போட்டு, கட்டர் வச்சு நேர்ச்சுவரா வெட்டணும். ஆக 1.1 × 0.9 மீ. ஓரம் சாய்வா மெலிஞ்சு இருந்தா அந்த மெல்லிசு விளிம்புல ஜல்லி நிக்காது, அங்கிருந்துதான் பெயர ஆரம்பிக்கும். வெட்டினதை எல்லாம் எடுத்துட்டு, அடியில ஈரமண் இருந்தா அதையும் எடுத்து வெட் மிக்ஸ் (ஈரப்படுத்தின ஜல்லிக் கலவை) போட்டு இடிச்சு கெட்டியாக்கணும். தூசு போக காத்தடிக்கணும்.

அப்புறம் எமல்ஷன், அதாவது தண்ணியில கலந்த தார். அடியும் சுவரும் சேர்த்து 1.23 ச.மீ. வரும், ச.மீ.க்கு 0.3 கிலோன்னா மொத்தம் 400 கிராமுக்குள்ள. வாளியால ஊத்தி அடியில குட்டை கட்டவிட்டா அந்தத் தாரே வழுவழுப்பாகி மேல போட்ட கலவை நகரும், வெயில்ல மேல கசியும். பிரஷ் வச்சு பூசணும். பழுப்பு நிறம் கறுப்பா மாறினதுக்கு அப்புறம்தான் கலவை.

கலவை அளவு: 0.99 × 0.06 × 2.35 டன் = 140 கிலோ. கொட்டும்போது 7.5 செ.மீ. உயரம் இருந்தாத்தான் இடிச்ச பிறகு 6 செ.மீ. நிக்கும். ஆழம் 7.5 செ.மீ.க்கு மேலன்னா ரெண்டு அடுக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்கு இடிக்கணும். முடிச்சப்புறம் சுத்துப் பரப்பைவிட 3–5 மி.மீ. மேடா இருக்கணும், வண்டி ஓடி அது சமனாகும். கடைசியா நாலு ஓரத்துக்கும் தார் பூசி மூடணும்.

முதல் மழையில பெயர்றதுக்கு முக்கியக் காரணம் கலவைச் சூடு. காலையில ஏத்தின டிப்பர் தார்ப்பாய் கூட இல்லாம ஊரெல்லாம் சுத்தி மதியம் மூணு மணிக்குக் கடைசிக் குழிக்கு வரும். அப்போ கலவை 90 டிகிரி கூட இருக்காது. அது இறுகாது, உள்ள காத்து இடைவெளி நிறைய நிக்கும், தண்ணி உள்ள போகும். இன்னொண்ணு: சட்டியில, மண்வெட்டியில ஒட்டக்கூடாதுன்னு டீசல் தடவுறது. டீசல் தாரைக் கரைக்கும்! சோப்புத் தண்ணி போதும்.

#8 குறுக்குக்கேள்வி

தார்டிரம் சொன்ன முறைதான் பாடப்புத்தக முறை, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் எஸ்.எச்.ஆர்.பி. என்ற நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் குழியடைப்பு முறைகளை நேருக்கு நேர் ஒப்பிட்டது. நல்ல கலவை கிடைத்தால், வெட்டாமல் கொட்டி லாரிச் சக்கரத்தால் உருட்டும் முறையும், வெட்டிச் செய்யும் முறைக்கு ஈடாகத் தாங்கியது என்பதே முடிவு. வேகமும் பல மடங்கு. ஒரு குழுவால் நாளுக்கு எத்தனை குழியை மூட முடியும் என்பதும் பாதுகாப்புக் கணக்குதான். திறந்து கிடக்கும் குழியில் இருசக்கர வண்டி விழுந்தால் 'சரியான முறைக்காகக் காத்திருந்தோம்' என்று சொல்ல முடியாது.

#9 தார்டிரம்

அந்த முடிவுல 'நல்ல கலவை'ங்கறதுதான் உயிர்நாடி. அது சேமிச்சு வைக்கிற மாதிரி மாற்றம் செஞ்ச குளிர்க்கலவை, தண்ணியிலயும் ஒட்டுற தன்மை உள்ளது. சாதாரண மிச்சக் கலவையை அப்படிக் கொட்டினா அந்த முடிவு பொருந்தாது. மழைக்காலத்துல, அவசரத்துக்கு, உங்க முறை. மழை விட்டப்புறம் சக்கரத்தடத்துல இருக்கற குழிகளுக்கு வெட்டு முறை. இதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா சக்கரத்தால நாலு தடவையாவது ஏத்தி இறக்கணும், மண்வெட்டி முதுகால தட்டிட்டுப் போறது உருட்டல் ஆகாது.

#10 அச்சுச்சுமை

சாலை ஏன் குறித்த காலத்துக்கு முன்னால் களைக்கிறது என்ற பக்கம் விட்டுப்போகிறது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) நடத்திய சாலைச் சோதனையில் ராணுவ ஓட்டுநர்களை வைத்து, அளந்த சுமையோடு லாரிகளை 11 லட்சத்துக்கும் அதிகமான அச்சுக் கடப்புகள் ஓட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் நாலாம் அடுக்கு விதி: சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது.

நிர்ணய அச்சு 80 கிலோநியூட்டன், அதாவது 8.16 டன். 20% கூடுதல் ஏற்றினால் சேதம் 2 மடங்கு. 12 டன் அச்சு ஒன்று ஏறத்தாழ 4.7 நிர்ணய அச்சுக்குச் சமம். ஒரு டன் அச்சுள்ள கார் இரண்டாயிரத்துக்கும் மேல் போனால்தான் ஒரு நிர்ணய அச்சுக்கு ஈடாகும். அந்த நாலு என்ற எண் எல்லாச் சாலைக்கும் துல்லியமாக அதுவே அல்ல. சிமென்ட் கலந்த அடித்தளத்தில் இன்னும் செங்குத்தாக ஏறும்.

ஆகவே, குவாரிக்கும் துறைமுகத்துக்கும் போகிற சாலைகளை வலையமைப்புச் சராசரியில் கலக்காதீர்கள். அங்கே 10 ஆண்டு ஓவர்லே 10 ஆண்டு வராது. லாரி எண்ணிக்கையை மட்டும் எடுக்காமல் எடைமேடையில் அச்சு வாரியாக அளவெடுங்கள். ஏற்றிப் போகும் திசைத் தடமும் காலியாகத் திரும்பும் தடமும் ஒரே சாலையில் வேறு வேறு வயதில் இருக்கும். ஒரு தடத்தை மட்டும் பலப்படுத்துவது முழு அகலத்துக்கும் மெல்லிசாகப் போடுவதைவிடப் பல இடங்களில் சிக்கனம்.

#11 ரோலர்மணி

ஓவர்லே ஆயுள் பெரும்பாலும் ரோலரில்தான் தீர்மானமாகிறது. போட்டு முடித்த அடுக்கில் காற்று இடைவெளி 7%-ஐத் தாண்டினால் ஒவ்வொரு 1% கூடுதலுக்கும் ஆயுளில் சுமார் 10% குறைவு என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 8%-க்கு மேல் இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீர் ஊடுருவும் வழியாகிவிடும்.

மெல்லிய அடுக்கு வேகமாக ஆறும். காற்றடிக்கும் நாளில் 30 மி.மீ. அடுக்கு ரோலருக்குத் தரும் நேரம் மிகக் குறைவு, அதனால் ரோலர், கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தின் பின்னாலேயே ஒட்டிப் போக வேண்டும். ஆறின பிறகு எத்தனை தடவை உருட்டினாலும் அடர்த்தி வராது, ஜல்லிதான் உடையும். பேவர் நின்று நின்று போனாலும் கெடுதல். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சூடு குறைந்த பட்டை விழும், பின்னாளில் குழி வரிசை அங்கேதான். டிப்பர்களின் சுற்று நேரத்தைக் கணக்கிட்டு, பேவர் வேகத்தை அதற்கேற்பக் குறைத்து வையுங்கள்.

நடு இணைப்பு தனிக் கவலை. முதல் பட்டையின் ஓரம் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் தளர்ந்தே இருக்கும். ஓரத்தை வெட்டி, நேர்முகத்தில் எமல்ஷன் பூசி, இரண்டாம் பட்டையை 25 மி.மீ. மேலேறும்படி போட்டு, சூடான பக்கத்திலிருந்து உருட்ட வேண்டும். இணைப்பு சக்கரத்தடத்தில் விழாமல் பேவர் அகலத்தைத் திட்டமிடுங்கள்.

#12 பாலப்பார்வை

ஓவர்லே போடுகிறவர்கள் பாலத்து மேலேயும் அப்படியே ஓட்டிப்போய்விடுகிறார்கள். 50 மி.மீ. தார் அடுக்கு ச.மீ.க்கு 115–120 கிலோ. இரண்டு, மூன்று சுற்று ஏறினால் பாலத்தின் நிரந்தரச் சுமையே மாறிவிடும். 2007 ஆகஸ்ட் 1-ல் மினியாபொலிஸ் ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். மூலக்காரணம் வடிவமைப்பு: உறுப்புகளை இணைக்கும் முட்டுத் தகடுகள் தேவையில் ஏறத்தாழ பாதித் தடிமன்தான். ஆனால் அத்தனை ஆண்டு நின்ற பாலம் அன்றைக்கு விழுந்ததில், பின்னாளில் தளத்தில் கூட்டிய எடைக்கும் அன்று மேலே குவித்திருந்த கட்டுமானப் பொருளுக்கும் பங்கு இருந்தது. பாலத்தின் மேல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். சுரண்டும்போது நீர்த்தடுப்புப் படலம் கிழியாமல் ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

விரிவு இணைப்பைத் தார் போட்டு மூடுவது இன்னொரு வழக்கம். இணைப்பு கசிந்தால் தண்ணீர் உத்திரத்தின் முனைக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நேராக இறங்கும், அங்கேதான் அரிப்பு தொடங்கும். மழைக்கு முன் இணைப்புப் பள்ளத்தையும் நீர்த்துளைகளையும் துப்புரவு செய்வது கால் நாள் வேலை.

ஆய்வு இடைவெளி பற்றி: 1967 டிசம்பர் 15-ல் ஓஹையோ ஆற்றின் மேல் சில்வர் பாலம் ஒரு கண்துளைக் கம்பியின் சிறு வெடிப்பால் விழுந்து 46 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அமெரிக்காவில் 1971-ல் தேசிய ஆய்வு விதிகள் வந்தன, வழக்கமான இடைவெளி 24 மாதம். ஒரு உறுப்பு போனால் மொத்தமும் போகும் வகைப் பாலங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்காமல் கரையில் நின்று படம் எடுத்து 'நன்று' என்று எழுதினால் அது ஆய்வே இல்லை.

#13 குறுக்குக்கேள்வி

ஓவர்லேயின் பக்கவிளைவு இன்னும் உண்டு. சாலை 5 செ.மீ. உயர்ந்தால் ஓரத் தடுப்புக் கம்பி 5 செ.மீ. தாழ்ந்துவிட்டது என்று பொருள். அதன் மேல் வாகனம் ஏறிப் புரளும் வாய்ப்பு கூடும். மேம்பாலத்துக்கு அடியில் உயர இடைவெளியும் குறையும், பழைய எண்ணோடு நிற்கும் பலகை பொய் சொல்லும். ஓரத்தில் படி விழும். பெர்மை அதே நாளில் உயர்த்தாவிட்டால் ஒரு சக்கரம் கீழே இறங்கின வண்டி திரும்ப ஏறும்போது எதிர்த்தடத்துக்குத் துள்ளும். இந்த மூன்றையும் ஓவர்லே மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும், 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று தனி வேலையாக வைத்தால் வராது.

மேம்பாடு என்றதும் அகலப்படுத்தலுக்கு ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நெரிசல் பெரும்பாலும் சந்திப்பில்தான் பிறக்கிறது. திரும்பும் வண்டிக்குத் தனித் தடம், சிக்னல் நேரத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எண்ணி அமைப்பது, முடிந்த இடத்தில் வட்டச் சந்திப்பு. நாற்சந்தியில் வாகனங்கள் மோதக்கூடிய புள்ளிகள் 32, ஒருதட வட்டச் சந்திப்பில் 8.

#14 நெடுவழி

கி.மீ.-ஆண்டுத் தாளை ஏற்றுக்கொண்டால் மோசமான சாலைகள் வரிசையில் பின்னால் போகும். அங்கே வசிப்பவர்களுக்கு என்ன பதில்? அந்த 80 கி.மீ. மேற்பூச்சு பெயராமல் இருக்கக் குறைந்தபட்சக் கவனம் என்ன?

#15 கிலோமீட்டர்

அடிபட்ட சாலையில் ஓர் ஆண்டு காத்திருந்தாலும் வேலை மாறாது, அன்றைக்கும் மறுகட்டமைப்புதான். நல்ல சாலை காத்திருந்தால் 1 அலகு வேலை 5 அலகு வேலையாகிறது. வரிசையின் நியாயம் இதுதான், மக்களிடமும் இதை அப்படியே சொல்லலாம். ஆனால் காத்திருக்கும் சாலையைக் கைவிடக் கூடாது: குழியடைப்பு, பெர்ம், வடிகால், சிறுபாலம், ஓரக்கோடு, வேகப் பலகை இவற்றுக்கு ஒரு தனித் தொகை ஒதுக்கி, தாளின் மற்ற வரிகள் அதைத் தொட முடியாதபடி வையுங்கள். எந்த ஆண்டில் அந்தச் சாலையின் முறை என்பதையும் வெளியிடுங்கள்.

#16 தார்டிரம்

மேற்பூச்சுக்கு: போடுறதுக்கு முன்னாடியே விரிசலை அடைச்சு, குழிகளை முடிச்சு, அந்த ஒட்டுகள் வண்டி ஓடிப் பழகணும். ஜல்லி ஒரே அளவு, 10 மி.மீ., கழுவினது. தூசு படிஞ்ச ஜல்லி தார்ல ஒட்டாது, தூசுலதான் ஒட்டும். எமல்ஷன் ச.மீ.க்கு 1.2–1.7 லிட்டர், பழைய பரப்பு வறண்டிருந்தா மேல் அளவு, ஏற்கெனவே தார் கசிஞ்ச தடத்துல கீழ் அளவு. எமல்ஷன் பழுப்பா இருக்கும்போதே ஜல்லி விழணும், அதனால ஜல்லி வண்டி வராம தெளிப்பு வண்டியை கிளப்பாதீங்க. ஜல்லி ஒரு வரிசை கனம்தான், பயந்துட்டு அதிகம் போட்டா மேல் ஜல்லி கீழ் ஜல்லியையும் பேத்துட்டுப் போகும். ரப்பர் டயர் ரோலர், இரும்பு ரோலர் வேண்டாம். முதல் நாள் வேகம் 30 கி.மீ.க்கு மேல விடக்கூடாது, மறுநாள் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தளர்ந்த ஜல்லியைப் பெருக்கி எடுத்துடணும். ராத்திரி மழை வர்ற அறிகுறி இருந்தா அன்னைக்குத் தெளிப்பே வேண்டாம்.